மதினி சொன்ன சாட்சி

மதினியின் வலது முன்கையில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, அரைவட்டமாக ஒரு பல் தடம் இருந்தது. வெயிலில் கறுத்த கையில் அந்த இடம் மட்டும் வெளிறித் தெரியும். யாராவது கேட்டால் மறைக்கமாட்டாள். "ஒரு சிலோன்காரி கடிச்சா. நானும் சும்மா விடல, அவ மண்டைய ஒடச்சேன்" என்று, ஏதோ கல்யாண வீட்டுக்குப் போய்வந்த கதைபோலச் சொல்வாள். அந்தச் சிலோன்காரி பெரும்பாலும் பக்கத்திலேயே உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருப்பாள். தலையைக் குனிந்து, வகிட்டுக்குப் பக்கத்தில் முடி முளைக்காத தழும்பைக் கேட்டவருக்குக் காட்டுவாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். கேட்டவர்தான் என்ன முகம் காட்டுவதென்று தெரியாமல் நிற்பார்.

மதினி என் அண்ணன் மனைவி. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். நான் நாசரேத்தில் போர்டிங்கில் தங்கிப் பள்ளிப்படிப்பை முடித்து, டைப்ரைட்டிங்கும் கற்றுக்கொண்டு, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தபோது, முத்தையாபுரத்தில் அண்ணன் வீட்டில்தான் தங்கினேன். அண்ணன், மதினி இருவருமே உப்பளத்தில் வேலை பார்த்தார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அண்ணன் பொறுமைசாலி, பேச்சு குறைவு. தொழிலாளர் சங்கத்தில் அவன் சொன்னால் கேட்பார்கள். மதினி நேர்எதிர். கோபம் வந்தால் கையில் எது இருக்கிறதோ அதுதான் ஆயுதம். தெருவில் அவளோடு சண்டை போட்டவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு தடத்தோடுதான் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடை. உப்பு விளைந்து வாருகிற நேரம். தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். கூலியைக் கூட்ட வேண்டும், பாத்தி ஓரத்தில் குடிக்க நல்ல தண்ணீர் வைக்க வேண்டும், கண் கூசும் அந்த வெள்ளை வெளியில் நிற்க ஒரு நிழல் வேண்டும். கேட்டது அவ்வளவுதான். காண்ட்ராக்டர் பேச்சுக்கே வரவில்லை. ஒருநாள் காலையில் அவருடைய லாரி ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தது. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள். பாட்டன் காலத்தில் இங்கிருந்து பிழைக்கப் போனவர்களின் பேரப்பிள்ளைகள். கப்பலில் வந்து இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்தவர்களைத்தான் "தூத்துக்குடியில் வேலை இருக்கிறது" என்று கூட்டிவந்திருந்தார். அரசாங்கக் காகிதத்தில் அவர்களுக்குத் தாயகம் திரும்பியோர் என்று பெயர். எங்கள் தெரு அவர்களுக்கு அன்று காலையே வேறு பெயர் வைத்துவிட்டது. கருங்காலி.

நான் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். முதல் கல் எங்கள் வரிசையிலிருந்துதான் பறந்தது. பிறகு யார் எறிந்தார்கள், யார் எறியவில்லை என்று பிரித்துச் சொல்ல முடியாது. லாரியின் பக்கப் பலகையில் கற்கள் மோதிய சத்தம் ஆலங்கட்டி மழைபோல இருந்தது. ஓரத்தில் நின்ற ஒருவருக்குக் காது கிழிந்து தொங்கியது. அவர் அலறக்கூட இல்லை, கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். ஒரு பெண், தன் மகளின் தலையில் அலுமினியச் சட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் தன் இரண்டு கைகளையும் பரப்பிவைத்திருந்தாள். கற்கள் அவள் விரல்களில் விழுந்தன. லாரி கடக்கும்போது என்னை நேராகப் பார்த்தாள். நான் கல் எடுக்கவில்லை. ஆனால் அது அவளுக்குத் தெரிய வழியில்லை.

உப்பளத்தை ஒட்டிய உடைமரக் காட்டோரத்தில் அவர்களுக்கு ஓலைக் குடிசைகள் போட்டுக்கொடுத்தார்கள். தண்ணீர் கிடையாது. எங்கள் தெருக்குழாய்க்குத்தான் வரவேண்டும். முதல்நாள் வந்தவர்களின் குடங்களைப் பெண்கள் உருட்டிவிட்டார்கள். இரண்டாம்நாள் உடைத்தார்கள். அதற்குப் பிறகு அந்தச் சட்டிக்காரப் பெண் மட்டும் தனியாக வந்தாள். குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு நகராமல் நின்றாள். மதினி போய் அவள் குடத்தை எட்டி உதைத்தாள்.

"உங்க ஊருக்குப் போயி தண்ணி பிடிளா. சிலோன்ல கடலா வத்திப்போச்சு?"

அந்தப் பெண் குனிந்து குடத்தை எடுத்தாள். மறுபடியும் அதே இடத்தில் வைத்தாள். "அங்க இருக்கையில இந்தியாவுக்குப் போன்னு அடிச்சாங்க. இங்க வந்தா சிலோனுக்குப் போன்னு அடிக்கிறீங்க. நடுவுல இருக்குறது கடல்தான். அதுல எறங்கிரவா?" என்றாள்.

மதினி தன் செப்புக்குடத்தைத் தூக்கி அவள் தலையில் போட்டாள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ரத்தம் நெற்றியில் இறங்கிக் கண்ணை மூடியது. விழுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவள் மதினியின் கையைப் பிடித்து இழுத்துக் கடித்தாள். இரண்டு பேரும் சகதியில் உருண்டார்கள். நானும் இன்னும் சில பெண்களும் சேர்ந்து பிரிப்பதற்குள் மதினியின் கையிலிருந்து சதை பிய்ந்திருந்தது.

முத்தையாபுரத்தில் அப்போது ஒரே ஒரு கம்பவுண்டர்தான். அவரிடமும் ஒரே ஒரு பெஞ்சுதான். யாரையும் கேட்காமல் இரண்டு பேரையும் அதில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துத் தைத்தார்.  பிறகு மதினி என் பக்கம் திரும்பி, அவளுக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள்: "ஏளா, பரவால்ல. பல்லு இருக்கு அவளுக்கு."

அவள் தைத்த தலையை ஆட்டாமல், "ஒங்களுக்குக் கையி இருக்குங்க" என்றாள். எனக்குத் தெரிந்து மதினி தோற்றுப்போய்ச் சிரித்தது அன்றுதான்.

அன்றிலிருந்து மதினி அவளோடு பேச ஆரம்பித்தாள். குழாயடியில் அவள் குடத்தை யாரும் தொடவும் இல்லை. நான் அவளைச் சிலோன் அக்கா என்று கூப்பிடப் பழகினேன். அக்காவின் கதையை மதினி கேட்டு, எனக்குச் சொன்னாள். கலவரத்தின்போது ஒரு பிற்பகலில், தோட்டத்து வரிசை வீடுகளுக்குப் பக்கத்துச் சிங்கள ஊரிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள். தெரிந்த முகங்களும் அதில் இருந்தனவாம். அவர்களிடம்தான் அக்கா கருவாடு வாங்குவாளாம். அக்காவின் புருஷனை வாசலிலேயே வெட்டினார்கள். தடுக்கப்போன மாமனாரின் இடுப்பைக் கட்டையால் உடைத்தார்கள். அக்கா மகளோடு தேயிலைச் செடிகளுக்குள் குப்புறப் படுத்துக்கிடந்து, வீடுகள் எரிவதைப் பார்த்திருக்கிறாள். மகள் சத்தம்போடாமலிருக்க அவள் வாயில் தேயிலைக் கொழுந்தைத் திணித்து வைத்தாளாம். "அந்தப் பிள்ள இன்னும் தேத்தண்ணி குடிக்காதாம்ளா" என்று சொல்லிவிட்டு மதினி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

வேலைநிறுத்தம் நடப்பதே அவர்களுக்குச் சொல்லப்படவில்லை என்பதும் மதினிக்கு அப்போதுதான் தெரிந்தது. "நானும் மலையில சங்கத்துல சந்தா கட்டினவதாங்க. தெரிஞ்சிருந்தா லாரில ஏறியிருக்க மாட்டோம். இப்பச் சேத்துக்கிட்டா நாங்களும் உப்பு வாருற பலகையக் கீழ போட்டுர்றோம்" என்று அக்கா சொல்லியிருந்தாள். மதினி அதை அன்று மாலையே அண்ணனிடம் சொன்னாள். அண்ணன் சாப்பாட்டுத் தட்டின்முன் உட்கார்ந்திருந்தான்.

"நம்ம ஆளுவ ஒத்துக்கணும்லா."

"நீரு சொன்னா ஒத்துக்குவாவ."

"சரி. நாளைக்கு சங்கத்துல பேசுதேன்" என்றான்.

அந்த நாளை வேறுமாதிரி விடிந்தது. காலையில் காண்ட்ராக்டரின் உப்பு லாரியை மறிக்க ஆண்கள் உப்பளத்துப் பாதையில் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் நிறுத்துவதுபோல வந்து, நிறுத்தவில்லை. எல்லோரும் சிதறி ஓடினார்கள். அண்ணனின் கூட்டாளி ஒருவர், சிறுவயதிலிருந்து அவனோடு ஒன்றாகவே வளர்ந்தவர், எழுந்திருக்கும்போது வேட்டி காலில் சிக்கி விழுந்தார். பின்சக்கரம் அவர் வயிற்றின்மேல் ஏறியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் அண்ணனின் மடியிலேயே உயிர் போனது. திரும்பி வந்தபோது அண்ணனின் சட்டை முன்பக்கம் முழுவதும் காய்ந்து விறைத்திருந்தது. மாற்றச் சொன்னேன். நான் சொன்னது அவன் காதில் விழவே இல்லை.

பிற்பகலில் எடுத்தார்கள். ஆண்கள் எல்லோரும் புதைக்கப் போனார்கள். நானும் மதினியும் செத்தவர் வீட்டில், அவர் மனைவியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இடுகாட்டிலிருந்து முதலில் ஓடிவந்தவன் பக்கத்து வீட்டுக்குள் புகுந்து சீமெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடினான். மதினி எழுந்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உடைமரக் காட்டுக்குள் குறுக்கே விழுந்து ஓடினாள். முட்களில் சேலை கிழிந்துகொண்டே வந்தது.

குடிசைகளில் பெண்களும் பிள்ளைகளும்தான் இருந்தார்கள். ஆண்களைக் காண்ட்ராக்டர் தன் சரக்குக் கிட்டங்கியில் வைத்துப் பூட்டியிருந்தார். பாதுகாப்புக்காம். மதினி ஒவ்வொரு வாசலாக நின்று, "ஓடுங்க, கொளுத்த வாரானுவ" என்று கத்தினாள். அவர்களுக்கு இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்படி ஓடிப் பழகியவர்கள். நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உப்புக் குவியல்களுக்குப் பின்னால் ஓடினேன். அக்காவின் மகள் என் கையில் இருந்தாள். அக்கா இல்லை. திரும்பிப் பார்த்தபோது அவள் கடைசிக் குடிசைக்குள் நுழைவது தெரிந்தது. இடுப்பு உடைந்த மாமனார் உள்ளே கிடந்தார்.

பிள்ளையை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு நான் திரும்பி ஓடிவந்தபோது கூட்டம் வந்துவிட்டிருந்தது. முதல் இரண்டு குடிசைகள் எரிந்துகொண்டிருந்தன. கடைசிக் குடிசையின் வாசலில் மதினி நின்றாள். எதிரே அண்ணன், கையில் ஒரு மூங்கில் கம்போடு. சட்டையில் காலையின் ரத்தம் அப்படியே இருந்தது.

"வெளிய வாளா."

"உள்ள ஒரு கிழவன் கிடக்கான். தூக்க முடியாம அந்தச் சிலோன்காரி தவிக்கா. வெளிய எடுத்துருதோம், அப்புறம் நீரு என்னவும் செய்யும்."

"அவன் செத்துட்டான்ளா. என் மடியில செத்துட்டான்."

"அதுக்கு இந்தக் கிழவனா லாரி ஓட்டுனான்?"

நான் அண்ணனின் காலைக் கட்டிப்பிடித்தேன். உதறினான். கிளிஞ்சல் தரையில் என் முகம் உரசியது. நிமிர்ந்தபோது கம்பு மதினியின் இடது தோளில் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் சின்னதாகத்தான் இருந்தது, காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல. அந்தக் கை அப்படியே தொங்கிவிட்டது. அவள் வலது கையால் நிலைக்கம்பைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொண்ணு இருக்கு. அதையும் அடியும்" என்றாள். அண்ணன் கம்பை ஓங்கினான். ஓங்கிய கை கீழே வரவில்லை. அப்படியே நின்றான்.

ஆனால் கூட்டம் அவனுக்காகக் காத்திருக்கவில்லை. பின்னாலிருந்து யாரோ எறிந்த பந்தம் அவன் தலைக்குமேல் பறந்து கூரையில் விழுந்தது. கடலிலிருந்து காற்று வீசுகிற நேரம். கோடையில் காய்ந்த ஓலை. ஒரே மூச்சில் கூரை முழுவதும் பற்றிக்கொண்டது. உள்ளே அக்கா அலறினாள். மதினி வெளியே வரவில்லை. திரும்பி உள்ளே போனாள்.

அண்ணன் கம்பைப் போட்டுவிட்டு அவள் பின்னாலேயே பாய்ந்ததை நான் பார்த்தேன். பிறகு புகை. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பக்கவாட்டு ஓலைத்தட்டியை உடைத்துக்கொண்டு அண்ணன் வந்தான். தோளில் கிழவர். அவன் தலைமுடி எரிந்துகொண்டிருந்தது. அவனுக்குப் பின்னால் அக்கா மதினியின் நல்ல கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். மதினியின் முதுகில் சேலை ஒட்டிக் கருகியிருந்தது.  அண்ணன் கிழவரைத் தரையில் கிடத்திவிட்டு, தன் எரிந்த கைகளைப் பார்த்தபடி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தான். போலீஸ் வரும்வரை அவன் எழுந்திருக்கவில்லை.

கிழவர் பிழைக்கவில்லை. கடலைத் தாண்டி, ஒரு தீயிலிருந்து தப்பி வந்தவர், எங்கள் ஊர்த் தீயில் வெந்து ஆஸ்பத்திரியில் இறந்தார்.

போலீஸ் விசாரித்தபோது ஊரில் யாரும் எதையும் பார்த்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மதினி குப்புறக் கிடந்தாள். எங்கள் சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து அவள் காதோரம் குனிந்தார்கள். புருஷனைக் காட்டிக்கொடுத்துவிட்டு எந்த வாசலில் போய் நிற்பாய் என்றார்கள். அவள் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர்கள் போனபின் இன்ஸ்பெக்டர் வந்தார். எல்லாவற்றையும் சொன்னாள்.  அண்ணனை நினைத்து அழுதேன். மதினி திரும்பிப் பார்க்க முடியாத அந்த நிலையிலேயே என்னிடம் சொன்னாள்:

"யாரு முன்னால வந்தான்னு கேட்டாவ. சொல்லிட்டேன். யாரு தூக்கிட்டு வந்தான்னு கேக்கல. அதையும் நானே சொல்லிட்டேன். ரெண்டும் நடந்ததுதானளா?"

கோர்ட்டிலும் அதையே, அதே வரிசையில் சொன்னாள். அண்ணனின் வக்கீல் எழுந்து, குடும்பச் சண்டையில் இவள் பொய் சொல்கிறாள் என்று ஆரம்பித்தார். கூண்டிலிருந்து அண்ணன் அவரை நிறுத்தினான். "அவ சொன்னது நெசம்" என்றான். நீதிபதி என்ன சொல்லப்போகிறார் என்று அவன் கவனித்ததாகவே தெரியவில்லை. மதினியின் மடங்காத இடது கையையே பார்த்துக்கொண்டு நின்றான். பாளையங்கோட்டைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். பந்தம் எறிந்தவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை.

வேலைநிறுத்தம் கேட்டதில் பாதியைக்கூடப் பெறாமல் முடிந்தது. சிலோன்காரர்களைச் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள், எல்லாம் எரிந்து முடிந்தபிறகு. முத்தையாபுரத்துக்கு மேற்கே புறம்போக்கில் அவர்கள் மண்சுவர் வைத்து வீடுகள் கட்டினார்கள். மதினி எங்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. அக்கா வீட்டில் போய் இருந்தாள். சொந்தக்காரர்கள் அவளோடு என்னையும் விலக்கியதால், நானும் என் கல்யாணம்வரை அங்கேயே இருந்தேன். ஒரு கையால் உப்பு வார முடியாது. மதினி விடியற்காலை பஸ்ஸில் திரேஸ்புரம் போய் மீன் எடுத்து, தலைச்சுமையாக விற்றாள். அக்கா உப்பளத்துக்குப் போனாள். பிள்ளை இருவருக்கும் நடுவில் வளர்ந்தது.

தண்டனை முடிந்து அண்ணன் வந்தது ஒரு மத்தியானத்தில். மதினி மீன் விற்கப் போயிருந்தாள். என் கைக்குழந்தையோடு நான் அங்கு வந்திருந்தேன். மெலிந்து, ஒரு காது சுருங்கி, கன்னம் இழுத்து, வாசலுக்கு வெளியே நின்றான். அக்காவின் மகள் அவனைக் கண்டதும் வீறிட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள். அக்கா வந்து நிலையில் நின்றாள். 

"உள்ள வராதீங்க" என்றாள் அக்கா. "அந்த வேப்பமரத்துக்குக் கீழ உக்காருங்க. சோறு கொண்டாரேன்."

அண்ணன் உட்கார்ந்தான். சாப்பிட்டான். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். மறுநாளும் வந்தான். சங்க அலுவலகத்தின் பின்அறையில் தங்கிக்கொண்டு வருடக்கணக்காக அப்படி வந்தான். விறகு பிளந்து போடுவான், தண்ணீர் சுமந்து வைப்பான், எல்லாம் வாசலுக்கு வெளியேதான். மதினி அவனோடு தெருவில் பேசுகிறவர்கள்போலப் பேசினாள். மீன் விலை, மழை, என் பிள்ளைகளின் படிப்பு. அவனோடு போய் வாழக்கூடாதா என்று நான் ஒருதடவை கேட்டேன். "கோவமெல்லாம் எப்பவோ போச்சுளா. ஆனா அந்தப் பிள்ள அவுகளப் பாத்தா இன்னும் உள்ள போயி கதவச் சாத்துது. நான் எப்படிப் போவேன்?" என்றாள். அக்கா மகளின் கல்யாணத்துக்கு அவன் பந்தலுக்கு வெளியே, ரோட்டோரம் நின்றான். அக்கா இலைச்சோறு அனுப்பினாள்.

இப்போது அந்தப் பக்கம் போனால் எதுவும் அடையாளம் தெரியாது. மண்சுவர் வீடுகள் மாடியாகிவிட்டன. காலையில் வண்டிகளில் ஆட்கள் போகிறார்கள், வேறு மொழி பேசுகிறவர்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து தகரக் கொட்டகைகளில் அடைந்து கிடக்கிறவர்கள். டீக்கடையில் அவர்களைப் பற்றிப் பேசுகிறவர்களின் குரலைக் கேட்டால் நான் அப்படியே நின்றுவிடுகிறேன். அந்தக் குரல் அடுத்ததாக எங்கே போகும் என்று பார்த்திருக்கிறேன். பேசுகிறவர்களில் சிலோன்காரர்களின் பேரன்களும் இருக்கிறார்கள்.

எல்லாம் இப்படி மாறுவதற்கு முன்பே, ஒருநாள் அண்ணன் சங்க அலுவலகத்தில் செத்துக்கிடந்தான். எங்கள் வீடு எப்போதோ கைமாறிவிட்டது, சொந்தக்காரர்கள் யாரும் உடலை ஏற்க முன்வரவில்லை. சங்கத் தோழர்கள் ஒரு பெஞ்சில் கிடத்தித் தூக்கிவந்து, அவன் வழக்கமாக உட்காரும் வேப்பமரத்தடியிலேயே இறக்கிவைத்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மதினி அவன் கால்மாட்டில் நின்று, அழாமல், ஈக்களை விரட்டிக்கொண்டிருந்தாள். அக்கா உள்ளேயிருந்து வரவில்லை. எல்லோரும் காத்திருந்தோம். உள்ளே கொண்டுபோகலாமா என்று கேட்கிற உரிமை எங்களுக்கு இல்லை.

நெடுநேரத்துக்குப் பிறகு அக்கா வெளியே வந்தாள். அவளோடு மகளும் வந்தாள். அதற்குள் அவள் இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகியிருந்தாள். அக்கா மகளின் முகத்தைப் பார்த்தாள். மகள் அண்ணனின் சுருங்கிய காதையும் இழுத்த கன்னத்தையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தலையை அசைத்தாள்.

"எதுக்கு வெயில்ல போட்டுருக்கீங்க?" என்றாள் அக்கா தோழர்களிடம். "உள்ள கொண்டாங்க."

ஆண்கள் பெஞ்சைத் தூக்கினார்கள். கால்மாட்டில் ஒரு மூலைக்கு ஆள் குறைந்தது. மகள் போய் அதைப் பிடித்தாள்.